பூஜையில் உட்கார்ந்த கம்ப்யூட்டர்

அன்றைய சரஸ்வதி பூஜையில் அம்மா இருந்தாள், அப்பா இருந்தார், நான் இருந்தேன், மனைப்பலகை மேல் கம்ப்யூட்டரும் இருந்தது. அக்கா இல்லை. கல்யாணமாகி சேலத்துக்குப் போய்விட்டாள். அம்மாவிடம் வாதாடி ஜெயிக்கக்கூடிய ஒரே ஆள் அவள்தான்.

எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் தோட்டக்காரர். தலைநகரில், கோல் மார்க்கெட் பக்கம் ஒற்றை அறை குவார்ட்டர்ஸ். முதுகலைப் படிப்புக்கு ஆன்லைன் மாணவனாகச் சேர்ந்தபோது பல்கலைக்கழகம் ஒரு தாள் அனுப்பியிருந்தது. நேரில் வந்து படிப்பவர்களுக்கு லேப் உண்டாம். என்னைப் போன்றவர்கள் சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்கியே ஆக வேண்டுமாம். என்ன பிராசஸர், எவ்வளவு மெமரி, என்ன மோடம் என்று எல்லாம் எழுதியிருந்தார்கள். வாங்கினோம். மோடம் இருந்தது, அதைச் செருக டெலிபோன்தான் இல்லை. அதனால் வீட்டில் எழுதி, ஃபிளாப்பியில் ஏற்றி, மார்க்கெட் சைபர் கஃபேயிலிருந்து அனுப்புவேன். நவமியன்று வீட்டார் கம்ப்யூட்டரைப் பூஜையில் வைத்துவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை.

பிராஜெக்ட் அறிக்கை அன்று மாலை ஆறு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். தவறினால் ஒரு வருஷம் வீண். நாலு மணிக்கு எழுதி முடித்து, குளித்துவிட்டு வந்து ஃபிளாப்பியில் ஏற்றலாம் என்று போனேன். தலை துவட்டிக்கொண்டு வந்தால், மானிட்டர் நெற்றியில் சந்தனம், குங்குமம். கீபோர்டு மேல் சாமந்தி.

"அம்மா, ஒரே ஒரு நிமிஷம் எடுத்துக்கறேன்."

"தொட்டே, கையை ஒடிச்சிடுவேன். பூஜையில வச்சதை விஜயதசமிக்குத்தான் எடுக்கணும். தொட்டா படிப்பு போயிடும்டா."

"தொடாட்டியும் போயிடும்மா! ஆறு மணிக்குள்ள அனுப்பணும்."

"சரஸ்வதியை விடப் பெரிய வாத்தியாரா அவங்க?"

சின்ன வயதில் இதே நாளைக் காட்டித்தான் பாடப் புத்தகத்தைத் தொடாமல் தப்பித்திருக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்தவன் மேஜைக்கு அடியில் பார்த்தேன். சிபியூ அங்கேயே இருந்தது, பொட்டில்லாமல். அதன் மேல் இஸ்திரிப் பெட்டி.

"இதை ஏம்மா பூஜையில வைக்கலை?"

"அந்த டப்பாவையா? ஸ்டெபிலைசரை எவன்டா கும்பிடுவான்?"

"அம்மா, அதுதான் கம்ப்யூட்டர்! நான் எழுதினது பூரா அதுக்குள்ளதான் இருக்கு."

அம்மா திகைத்து அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுண்டலை மென்றுகொண்டே கேட்டார்: "அப்ப பூஜையில உக்காந்திருக்கிறது என்ன கண்ணு?"

"அதோட முகம்ப்பா."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "சாமிக்கே முகத்துக்குத்தானே அலங்காரம் பண்றோம்? முகம் இருக்கட்டும். நீ உடம்பைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பு. ஜல்தி!"

அம்மா தடுக்கவில்லை. "வெறுங்கையோட போகாதே" என்று ஒரு பொட்டலம் சுண்டல் மட்டும் கொடுத்தாள்.

சைக்கிள் ரிக்‌ஷாவில் சிபியூவை மடியில் வைத்துக்கொண்டு போனேன். கஃபேக்காரர் அதைப் பார்த்ததும், "பையா, எல்லாரும் ஃபிளாப்பி கொண்டு வருவாங்க. நீ வீட்டையே தூக்கிட்டு வந்துட்டியா?" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். தன்னுடைய மானிட்டர் ஒன்றையும் கீபோர்டு ஒன்றையும் கழற்றி மாட்டிக் கொடுத்தார். அவரிடமே ஒரு ஃபிளாப்பி வாங்கி அதில் ஏற்றி அனுப்பினேன்; ஐந்தரைக்கு அறிக்கை போய்ச் சேர்ந்தது.

ரிக்‌ஷா போக வர இருபது. கஃபேக்கு நாற்பது. ஃபிளாப்பிக்குப் பதினைந்து, கஃபேக்காரர் சுண்டலைத் தின்றுவிட்டு அதை வேண்டாம் என்றார். வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்த உடம்புக்கும் ஒரு பொட்டு வைத்து, சரஸ்வதிக்கு அபராதமாக என்னிடமிருந்து பதினோரு ரூபாய் வாங்கி உண்டியலில் போட்டாள். ஆக மொத்தம் எழுபத்தொரு ரூபாய்.