சுப்பராயலு கட்டிய லைஃப் டாக்ஸ்

அளக்கும் படியில் கோபுரமாக நின்ற கோலமாவை ஆள்காட்டி விரலால் ஒரே இழுப்பில் சீவினார் சுப்பராயலு. சீவிய மாவு சாக்குக்குள்ளேயே விழுந்தது. தரையில் ஒரு சிட்டிகைகூடச் சிந்தவில்லை.

"பாத்திரத்தப் புடி பாப்பா."

"ஒரு கை சேர்த்துப் போட்டா என்னவாம்? பத்து வருசமா வாங்குறேன்," என்றாள் மாலதி.

"கொசுறு நானும் யாருகிட்டயும் கேக்க மாட்டன். யாருக்கும் குடுக்கவும் மாட்டன்."

பி.முட்லூரிலிருந்து வெள்ளாற்றுப் பாலம் ஏறி இறங்கி சிதம்பரம் வருகிற சைக்கிள் அவருடையது. செவ்வாய், வெள்ளியில் காலை ஏழு மணிக்கே வடக்கு வீதி. மற்ற நாட்களில் எட்டரைக்கு மேல்தான் கிளம்புவார், அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸ் பக்கம். கேரியரில் இரண்டு சாக்கு வெள்ளைமாவு, பாரில் கலர்ப்பொடிப் பொட்டலங்கள், ஹேண்டில்பாரில் தொங்கும் ஜிபே அட்டை. வயது அறுபத்து மூன்று. புருவமும் காதுமடலும் எப்போதும் வெளுத்திருக்கும். அந்தப் புருவம் இன்னும் கறுப்புதான் என்று, அவர் மழையில் நனைந்து வந்த ஒரு நாளில்தான் மாலதிக்குத் தெரிந்தது. யார் வீட்டிலும் ஒரு வாய் டீ வாங்கிக் குடித்ததில்லை. "வேணாம் பாப்பா. ஓசி எனக்கு ஒடம்புல ஒட்டாது" என்பார்.

சைக்கிள் ஓட்டுவதிலும் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. தார் ரோட்டின் ஓரத்து வெள்ளைக்கோட்டுக்கு உள்ளே ஒரு முழம் தள்ளித்தான் போவார். ஓரத்துக்கு ஒதுங்க மாட்டார், நடுவுக்கும் வர மாட்டார். பின்னாலிருந்து யாராவது விடாமல் ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்க்காமல், ஹேண்டில்பாரின் கழுத்தில் கம்பி போட்டுக் கட்டியிருந்த ஒரு தகரப் பில்லையை விரல் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டுவார். டொக், டொக். அவ்வளவுதான் பதில்.

அந்தப் பில்லைக்கு அர்த்தம் கார்த்திகை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை தெரியவந்தது. மாலதியின் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு அவர் படியை எடுத்தபோது, பின்னால் வந்த கார் போக வழியில்லாமல் நின்றது. கண்ணாடி இறங்கியது.

"யோவ் பெரியவரே, ரோட் டாக்ஸ் கட்டிட்டு நாங்க நிக்கிறோம். டாக்ஸ் கட்டாத நீ ரோட்ட அடச்சிக்கினு வியாபாரம் பண்ற."

"யாரு கட்டல?" சுப்பராயலு பில்லையைத் தட்டினார். "நானும் கட்டியிருக்கன். லைஃப் டாக்ஸ். எறங்கி வந்து பாரு."

கார்க்காரன் தலையில் அடித்துக்கொண்டு பின்வாங்கிப் போனான். மாலதிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவளுக்கு வேலை கடலூரில், வண்டிகளுக்கு வரி வாங்குகிற ஆபீசில்தான். அந்த ஊர் வண்டிகளுக்கெல்லாம் வரி போடுகிறவள் சைக்கிளுக்கு லைஃப் டாக்ஸ் என்று கேட்டது அதுவே முதல் தடவை.

"என்னா பாப்பா சிரிக்கிற? எங்கப்பா கட்டுனது. 'இது இருக்கற வரைக்கும் ஒருத்தனும் உன்ன மறிக்க முடியாது'ன்னு சொல்லித்தான் வண்டியக் குடுத்தாரு. பாரு, இன்னி வரைக்கும் ஒரு ஆளு மறிக்கல."

சைக்கிளின் இரும்புச் சட்டமும் பில்லையும் மட்டும்தான் அப்பாவுடையவை. சக்கரம், செயின், சீட்டு எல்லாம் மாற்றியாகிவிட்டது. பில்லையை மாதம் ஒருமுறை புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார். தேய்த்துத் தேய்த்து அதில் இருந்த எழுத்து கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மழுங்கிவிட்டிருந்தது.

மாலதி செய்தது ஒரு விளையாட்டு. சாக்கிலிருந்து ஒரு சிட்டிகை மாவெடுத்துப் பில்லையில் தடவி, முந்தானையால் மேலோட்டமாகத் துடைத்தாள். பள்ளங்களில் மாவு தங்கியது. தகரத்தில் வெள்ளையாக எண்கள் எழுந்து வந்தன. 1975–76.

அவள் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பிறகு எத்தனையோ நாள் அப்படித்தான் நினைத்தாள்.

"இது லைஃப் டாக்ஸ் இல்லண்ணே. அந்தக் காலத்துல சைக்கிளுக்கு வருசா வருசம் லைசென்ஸ் பில்லை குடுப்பாங்களாம். இது ஒரே ஒரு வருசத்துக்கு உள்ளது. அப்புறம் அந்த வழக்கமே போயிடுச்சு. யாரும் மறிக்காததுக்குக் காரணம், கேக்கறதுக்கு ஆளே இல்ல."

சுப்பராயலு எண்களைப் பார்த்தபடியே நின்றார். மாவு படிந்த அந்த முகம் வெளுத்ததா இல்லையா என்று கண்டுபிடிக்க வழியில்லை. கையிலிருந்த படி மட்டும் மெல்லச் சாய்ந்து, மாவு அவர் காலில் கொட்டிக்கொண்டே இருந்தது. அவர் கவனிக்கவில்லை. சிட்டிகை சிந்தாத மனிதர்.

"அப்போ இத்தினி வருசமும் நான் ஓசிலயா போயிருக்கன்?"

வெள்ளிக்கிழமை அவர் வந்தபோது சைக்கிளின் இரண்டு சக்கரமும் அச்சு வரை சேறு. ஏன் என்று கேட்டாள். "ரோட்டுல ஏறல மேடம். பாலத்துல மட்டும் எறங்கித் தள்ளிக்கினு வந்தன்," என்றார்.

பத்து வருடப் பாப்பா, மூன்று நாளில் மேடமாகிவிட்டாள். அதற்கு அவள் அதிர்ந்து முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்தது.

"எவ்ளோ கட்டணும்னு சொல்லு. கட்டிட்டு அப்புறம் ஏறிக்கறன்."

சைக்கிளுக்கு வரியே கிடையாது என்று அவள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. திங்கட்கிழமை பதினோரு மணிக்குக் கடலூர் ஆபீசில் அவளுடைய ஜன்னல் முன்னால், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார். பில்லை சட்டைப் பையில் இருந்தது.

"சைக்கிள்லயா வந்தீங்க?"

"பஸ்ல. டாக்ஸ் கட்டாம அம்மாந்தூரம் அதுல எப்பிடி வர்றது?"

ஆபீஸ் சூப்பரிண்டெண்ட் மணவாளன் எழுந்து வந்துவிட்டார். முதலில் கிண்டல் என்று நினைத்தார். பிறகு, ஆள் நிஜமாகவே பணத்தோடு நிற்பது தெரிந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"எஞ்சின் நம்பர் இல்லாம கம்ப்யூட்டர் எடுத்துக்காது பெரியவரே. உங்க வண்டி எஞ்சின் நம்பர் என்னா?"

"எஞ்சினே நான்தான் சார்."

வரிசை முழுக்கச் சிரித்தது. புது பைக்குக்கு வரி கட்ட வந்திருந்த இளைஞன் ஒருவன், "கட்டட்டுமே சார், ரோடு அவுங்களுக்கும்தான? எங்களுக்கு மட்டும் என்னா தலையெழுத்து?" என்றான். அவனுக்குப் பின்னால் நின்ற டிராக்டர்க்காரர் விடவில்லை. "ஏம்ப்பா, சைக்கிளு போயி எந்த ரோட்டுலப்பா குழி வுழுந்துது? சேத்தியாத்தோப்பு ரோட்டுல கரும்பு லாரி போவுதே, அது டாக்ஸ் கட்டிட்டுத்தான் குழி போடுது."

"குழி நான் போடலதான்," என்றார் சுப்பராயலு. "ஆனா அது மேல நானும்தான ஓடுறன்?"

மணவாளன் அவருக்கு டீ வரவழைத்தார். அவர் தொடவில்லை. பில்லையைச் சட்டைப் பையில் தடவிப் பார்த்துவிட்டு வெளியே போனார்.

அதற்குப் பிறகு கடலூர் பஸ்சின் ஜன்னலோர சீட்டு மாலதிக்குத் தண்டனையாகிவிட்டது. பாலம் தாண்டியதும் கண் தானாகத் தேடும். தாருக்கு வெளியே, மழைத்தண்ணீர் தேங்கிய மண்ணில், இரண்டு சாக்கோடு சைக்கிள் தள்ளாடி வரும். தார் விளிம்பு ஒரு சாண் உயரம். அதில் முன்சக்கரம் உரசி உரசித் திரும்பும். லாரி போகிற காற்றில் அவர் வேட்டி ஒருபக்கமாகப் பறக்கும். மார்கழி வியாபாரம், சாக்கும் கனம். நான் சொன்ன ஒரு வார்த்தை இந்த மனுசனைக் கொல்லப்போகிறது என்று, அவர் கண்ணிலிருந்து மறையும்வரை தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போவாள்.

ஒரு புதன்கிழமை அவள் கண்ணெதிரிலேயே அது நடந்தது. எதிரே வந்த அவருடைய முன்சக்கரம் சேற்றில் புதைந்தது. சைக்கிள் தார்ப்பக்கம் சாய்ந்தது. பின்னால் வந்த லாரியின் சக்கரம் கேரியருக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. ஒரு சாக்கு வெடித்து ரோட்டில் வெள்ளைப் புகை எழுந்தது. அந்தப் புகைக்குள் ஆள் தெரியவில்லை.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" அலறியது தன் குரல்தான் என்று அவளுக்கே தெரியவில்லை. டிரைவர் பிரேக்கை மிதித்த வேகத்தில் பஸ்சே குலுங்கி நின்றது. இறங்கி ஓடினாள்.

சுப்பராயலு சேற்றில் உட்கார்ந்திருந்தார். உச்சி முதல் கால் வரை மாவு. முழங்கையிலிருந்து ரத்தம் மட்டும் சிவப்பாக.

"ஒண்ணுமில்ல மேடம். பஸ்ஸ வுட்டுடாத, போ."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "செத்திருப்பீங்கண்ணே! வரியா கட்டல நீங்க? வாங்குற டயர்ல வரி இருக்கு. ட்யூப்ல, செயின்ல, போடுற சோப்புல, எல்லாத்துலயும் இருக்கு. அந்தக் காசுலயும்தான் ரோடு போடுறாங்க."

"டயர்லயா?"

"ஆமா, டயர்லதான்!"

அவர் சாய்ந்து கிடந்த சைக்கிளின் டயரைத் தொட்டுப் பார்த்தார். "அது வாங்குனதுக்கு. ஓடுறதுக்கு?"

அந்த நேரத்தில் ஒரு பைக் வேகமாக வந்தது. புருசன், பெண்டாட்டி, நடுவில் ஒரு குழந்தை. சாக்கு வெடித்த இடத்தில் ரோட்டில் ஒரு குழி இருந்தது. முழங்கால் ஆழம். தண்ணீர் நிரம்பி ரோட்டோடு ரோடாகச் சமமாகக் கிடந்ததால் குழி என்றே தெரியாது. கொட்டிய மாவு அதன் விளிம்பில் அரைவட்டமாகப் படிந்திருந்தது. வெள்ளையைக் கண்டதும் பைக் வேகம் குறைந்தது, குழியைச் சுற்றிக்கொண்டு போனது.

சுப்பராயலு எழுந்து நின்றுவிட்டார். பைக் மறையும் வரை பார்த்தார். பிறகு குழியைப் பார்த்தார்.

"பாத்துட்டான்," என்றார். "பாத்தியா பாப்பா? அவன் பாத்துட்டான்."

மேடம் மறுபடியும் பாப்பாவாகிவிட்டாள்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை பஸ் பாலத்தைத் தாண்டியபோது, ரோட்டில் ஒரு வெள்ளை வட்டம் தெரிந்தது. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு குழி. "எவனோ ரோட்டுக்கே கோலம் போட்டுட்டுப் போயிருக்கான்," என்று கண்டக்டர் சிரித்தார். டிரைவர் சிரிக்காமல் ஸ்டியரிங்கை ஒடித்து ஒடித்துப் போனார்.

முட்லூர் வளைவுக்கு முன்னால் சைக்கிள் நின்றிருந்தது. மண்ணில் இல்லை. தாரின் மேலேயே, வெள்ளைக்கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே, ஸ்டாண்டு போட்டு. ஹேண்டில்பாரின் கழுத்தில் பில்லை பழைய இடத்துக்கே வந்திருந்தது. பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. சுப்பராயலு திரும்பவில்லை. குழியருகே நின்று படியைச் சாக்குக்குள் விட்டு எடுத்தார். மாவு கோபுரமாக வந்தது. பழக்கத்தில் ஆள்காட்டி விரல் படியின் விளிம்புவரை போனது.

அங்கேயே கொஞ்சம் நின்றது. பிறகு விரலை மடக்கிக்கொண்டு, சீவாமல், கோபுரத்தோடு அப்படியே குழியைச் சுற்றிக் கொட்டினார்.