பைலட்டின் மூக்கு

தெருவில் அவரை எல்லோரும் பைலட் என்றுதான் கூப்பிடுவார்கள். விமானத்தில் பயணியாகக்கூட அவர் ஏறியதில்லை. வாழ்நாள் முழுக்க ஏசி ரிப்பேர் பார்த்தவர், ஓய்வு பெற்றதும் கார் ஷெட்டில் சொந்தமாக ஒரு சின்ன விமானம் கட்ட ஆரம்பித்தார். அவ்வளவுதான், பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

அதில் ஒரே ஒரு இருக்கை. மனைவி அதைக் கவனிக்காமல் இல்லை.

“ஒரு சீட்டுதானா?”

“எடை தாங்காதும்மா” என்று சொல்லிவிட்டு அவர் ஸ்பேனரைத் தேடப் போனார். இப்படிப்பட்ட மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மகளின் பிரசவத்துக்குப் போன அந்த அம்மாள், பேத்தியை வளர்க்கத் தங்கி, பேரனும் பிறந்துவிடவே அங்கேயே இருந்துவிட்டாள். வா என்று இவர் கூப்பிடவில்லை. வரட்டுமா என்று அவளும் கேட்கவில்லை.

ஆனால் ஒரு தடவை போனில் அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்துவிட்டது. “நீ போனதுலேருந்து எதைச் சாப்பிட்டாலும் ருசியே இல்ல.” கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் இனிப்பாகச் சொன்னது அது ஒன்றுதான். அவள் அதை மகளிடம் சொன்னாள், மருமகனிடம் சொன்னாள், அக்கம்பக்கத்திலும் சொல்லியிருப்பாள். அதன் பிறகு தினமும் சாயங்காலம் போன் செய்து, “இன்னிக்காவது ருசி வந்துச்சா?” என்று கேட்டுச் சிரிப்பாள். “எங்க வந்துச்சு” என்பார். உண்மையும் அதுதான்.

அந்த வாரம் பெட்ரோல் குழாய் போடும் வேலை. இருக்கைக்குப் பின்னால் தொட்டி. அங்கிருந்து அலுமினியக் குழாய் தரைப்பலகைக்கு அடியில் ஓடி, வால்வையும் வடிகட்டியையும் தாண்டி இன்ஜினுக்குப் போகவேண்டும். குழாயின் முனையைப் புனல் வாய் மாதிரி விரித்து, நட்டால் இறுக்க வேண்டும். நட்டை முதலில் மாட்ட மறந்து முனையை விரித்துவிட்டால், வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். ஏசியின் செம்புக் குழாயில் இதே வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்தவர் அவர். விமானக் குழாய்க்கு விரிப்பின் சரிவு மட்டும் கொஞ்சம் வேறு. அதற்கென்று தனிக் கருவி வாங்கி வைத்திருந்தார். குழாயை வளைக்கும்போது, “மெதுவா வா, ஒடிஞ்சிடாத” என்று அதனோடு பேசுவார். நாள் முழுக்கப் பேச அவருக்கு வேறு யார் இருந்தார்கள்?

எல்லாம் பூட்டி முடித்து, தொட்டியில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றினார். கைக்கு எட்டிய இணைப்புகளைத் துணியால் துடைத்துப் பார்த்தார். துணி நனையவில்லை. எட்டாத இடத்தில் ஒழுகினால் நாறாமலா போகும் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் பார்சல் கொண்டுவந்த கூரியர்க்காரி ஷெட் வாசலைத் தாண்டவில்லை.

“சார், உள்ள பெட்ரோல் கொட்டிக் கிடக்குதா?”

“இல்லையேம்மா.”

“கண்ணே எரியுது சார். உங்களுக்கு வாசனை வரலையா?”

வரவில்லை. அவள் போனதும் குனிந்து, தொட்டியின் அடிவரை மூக்கைக் கொண்டுபோய் இழுத்துப் பார்த்தார். வெறும் காற்றுதான் வந்தது.

கதவுகளைத் திறந்துவிட்டு, தொட்டியைக் காலி செய்தார். குழாயில் சைக்கிள் பம்பால் காற்றடித்து, தரைப்பலகையைக் கழற்றிச் சோப்புத் தண்ணீர் தடவினார். அடியில் ஒரு இணைப்பு நுரைத்தது. பிரித்துப் பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார். பழைய ஏசி கருவியால் விரித்த முனை. பழக்கதோஷம், கை தானாக அதை எடுத்திருக்கிறது.

அதை மாற்றுவது பெரிய வேலையில்லை. அவர் நேராகச் சமையலறைக்குப் போனார். காபிப்பொடியை முகர்ந்தார். பூண்டை நசுக்கி முகர்ந்தார். பினாயில் பாட்டிலைத் திறந்து மூக்கடியில் பிடித்தார். எதுவுமே இல்லை. நேற்று சாப்பிட்டு மீதி வைத்திருந்த பொரியலை வெளிச்சத்தில் பார்த்தால், ஓரமெல்லாம் பூசணம். மூக்கு என்றைக்குப் போனது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் இன்னொரு ஆள் இருந்திருந்தால், “ஏங்க, இது உங்களுக்கு நாறலையா?” என்று அன்றைக்கே கேட்டிருப்பாள். அவருக்குப் பயமாக இருந்தது. அழுகையும் வந்தது.

சாயங்காலம் போன் அடித்தது.

“இன்னிக்காவது ருசி வந்துச்சா?”

“நீ வந்துடேன்” என்றார்.

அவள் சிரிப்பு நின்றது. “என்ன சொன்னீங்க?”

“இங்க வந்துடு.”

“எதுக்குங்க?” குரல் குழைந்திருந்தது.

தனியா இருக்க முடியலை என்று சொல்லியிருக்கலாம். தொண்டை வரைக்கும் வந்ததும் அதுதான். ஆனால் மெக்கானிக் புத்தி எங்கே போகும்? கோளாறை விளக்க ஆரம்பித்துவிட்டார். ஒழுகிய குழாய், கூரியர்க்காரி சொன்னது, பூசணம் பிடித்த பொரியல் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தார்.

“மூக்கு போயிடுச்சு. ருசி தெரியாததும் அதனாலதான்.”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

“அப்போ, நான் போனதால இல்ல” என்றாள்.

“அதுக்கில்லம்மா. ஒழுகினா சொல்றதுக்கு வீட்ல ஒரு ஆள் வேணும்ல.”

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பார்.

“டாக்டர்கிட்ட காட்டுங்க” என்றாள். “வாசனை பார்க்கத்தானே, அந்தக் கூரியர்க்காரியையே கேட்டுக்குங்க.”