பாலில் வெந்த மீன்

பெண் பார்க்க வந்தவனைச் சந்தேகப்படுவதற்கு முன்னால், அவன் கொண்டுவந்த பிஸ்கட் டப்பாவைத்தான் நான் சந்தேகப்பட்டேன். சிவப்பில் கட்டம் போட்ட தகர டப்பா, நம் ஆண்கள் கட்டும் லோஞ்சி மாதிரி. மேலே கொம்பு வைத்த மான் ஒன்று என்னை முறைத்துக்கொண்டிருந்தது. "ஸ்காட்லாந்து பிஸ்கட்டு, முழுக்க வெண்ணெய்ல பண்றது" என்று அவனுடைய அம்மா பெருமையாக என் கையில் வைத்தார். இருவரும் யாங்கோன் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டாலாவிலிருந்து படகேறி வந்திருந்தார்கள்.

மகன் ஸ்காட்லாந்தில் ஒரு கடலோரச் சிற்றூரில் ஹோட்டல் சமையல்காரனாம். ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு அந்த வட்டாரத்துப் பண்டங்களை ஆக்கிப் போடுவதுதான் வேலையாம். கல்யாணம் முடிந்தால் என் மகளையும் கூட்டிக்கொண்டு போய்விடுவானாம். எல்லாம் 'ஆம்'தான். கண்ணால் பார்த்தவர் யார்?

நான் யாங்கோனில், மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் தோசைக் கடை போட்டுப் பிழைக்கிறவள். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இருப்பது ஒரே மகள். ஊரில் இளசுகள் எல்லாம் எப்படியாவது வெளியே போய்விட வேண்டும் என்று துடிக்கிற காலம் இது. இவளுக்கும் அந்த ஆசை உண்டு. நான்தான் பிடிகொடுக்காமல் இருந்தேன்.

காரணம் இருக்கிறது. என் தங்கை மகளை இப்படித்தான் வெளிநாட்டு மாப்பிள்ளை என்று கட்டிக்கொடுத்தோம். போனில் முகம் பார்த்துப் பேசும்போதெல்லாம் சிரித்தாள். கொளுத்துகிற வெயில் நாடு அது, அங்கேயும் எந்நேரமும் முழுக்கைச் சட்டை. எங்களில் ஒருத்திக்கும் அது உறைக்கவில்லை. அவள் திரும்பி வந்து சட்டையைக் கழற்றிய அன்றைக்குத்தான் அவளுடைய கைகளைப் பார்த்தோம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

அதனால் அவனை உட்காரவைத்து, தேநீர் ஆறுவதற்குள் துருவி எடுத்துவிட்டேன். அந்த ஊரில் என்ன திங்கிறார்கள் என்று கேட்டேன்.

"ஹாகிஸ்னு ஒண்ணு அத்தை. ஆட்டு ஈரல், இதயம், நுரையீரல் எல்லாம் கொத்தி, ஓட்ஸ் கலந்து, ஆட்டு இரைப்பையில அடைச்சு வேகவைக்கிறது" என்றான்.

இதில் என்ன அதிசயம்? நம் கறிக்கடைச் சமாச்சாரம்தானே. நான் மசியவில்லை என்று கண்டதும் சிரித்துக்கொண்டே தொடர்ந்தான். "வெளியூர்க்காரங்க கேட்டா, ஹாகிஸ்னா மலையில ஓடுற மிருகம், ஒரு பக்கத்துக் கால் குட்டையா இருக்கும்னு அங்க உள்ளவங்க விளையாட்டுக்குச் சொல்லுவாங்க. நானும் சொல்லுவேன். பாதிப் பேர் நம்பிருவாங்க."

"ஓகோ, அப்போ பொய் சொல்லிப் பழக்கம் உண்டு!"

அவனுடைய அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. என் மகள் உள்ளே நின்று களுக்கென்று சிரித்தாள். அவளுக்குத் தமிழ் எல்லாம் புரியும். பேச்சு வரும்போது மட்டும் பர்மியம்தான் முந்திக்கொண்டு வரும்.

"குடிப்பியா தம்பி?"

"விஸ்கி காய்ச்சுற ஊரு அத்தை. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ருசி. எங்க பக்கத்துது தேன் மாதிரி, தீவுல காய்ச்சுறது விறகுப் புகை மாதிரி. வர்றவங்களுக்கு விளக்கிச் சொல்லணும்ல, அதனால எப்பவாவது ஒரு வாய்..."

"எப்பவாவதுன்னா எப்போ?"

அதற்கு அவன் பதில் சொல்வதற்குள் அவனுடைய அம்மா படகுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டார். அந்த அவசரமும் எனக்குப் பிடிக்கவில்லை.

சில நாள் கழித்து நகரத்துப் பெரிய கடை ஒன்றில் எண்ணெய் வாங்கப் போனேன். பிஸ்கட் அடுக்கில் அதே கட்டம், அதே மான். வரிசையாக நின்றுகொண்டு என்னைப் பார்த்தன. அடப்பாவி! யாங்கோனில் டப்பா வாங்கி ஸ்காட்லாந்து என்று என் காதில் பூச்சுற்றியிருக்கிறான். டப்பாவே பொய் என்றால் ஹோட்டல்? வேலை? இவன் கப்பல் இறங்கிய ஊர் எதுவோ, என் மகளைக் கொண்டுபோய்த் தள்ளப்போகிற இடம் எதுவோ. எண்ணெய் வாங்காமலே வீடு வந்தேன்.

மகளிடம் சொன்னால் நம்பமாட்டாள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று முடிவெடுத்து அவனுக்குச் சொல்லி அனுப்பினேன்: உன் ஊர்ச் சமையலை என் அடுப்பில் ஒரு நாள் செய்து காட்டு. அடுப்பில் நிற்கிறவன் என்னை ஏமாற்ற முடியாது. கரண்டி பிடிக்கிற கை காட்டிக்கொடுத்துவிடும்.

வந்தான். போட்டாதாங் படகுத்துறைப் பக்கம் தேடிப் பிடித்துப் புகை போட்ட கடல் மீன் வாங்கி வந்திருந்தான். வெங்காயத்தை அவன் அரிந்த வேகத்தைப் பார்த்ததுமே, சமையல்காரன் என்ற வரைக்கும் உண்மை என்று தெரிந்துவிட்டது. சரி, அது கிடக்கட்டும், சமையல்காரன் இங்கேயும்தான் இருக்கிறான். வெண்ணெயில் வெங்காயம் வதங்கியது. உருளைக்கிழங்கு வெந்தது. மீனை உதிர்த்து வைத்தான். பிறகு பையிலிருந்து ஒரு பாத்திரத்தை எடுத்தான். பார்த்தால் பசும்பால்!

"டேய், டேய்! மீன்ல பாலா ஊத்தப்போற?"

"பால்லதான் மீனே வேகணும் அத்தை. கலன் ஸ்கிங்க்னு பேரு. கலன்கிறது எங்க பக்கத்து ஊரு."

"மீனும் பாலும் சேர்ந்தா தோல் வெள்ளை வெள்ளையாப் பூத்துப்போயிரும்டா! உங்க அம்மா உனக்கு இதுகூடவா சொல்லித்தரல?"

"சொன்னாங்க. எனக்கும் முதல்ல குமட்டிக்கிட்டு வந்துச்சு. ஆனா அந்த ஊரே குடிக்குது அத்தை, யாருக்கும் எதுவும் ஆகல."

"அவங்க ஏற்கெனவே வெள்ளைதானே, உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, அதனால் கோபம் இரட்டிப்பாகி டப்பாவை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். "இது எங்க வாங்கினது?"

"இங்கதான்" என்றான், கொஞ்சமும் தயங்காமல். "நான் அங்கேயிருந்து கொண்டாந்தது ஓட்ஸ் ரொட்டி. வறவறன்னு இருக்கும், பார்க்க மண் ஓடு மாதிரி. இதைக் கொண்டுபோனா யாரு பொண்ணு கொடுப்பான்னு சொல்லி அம்மா டப்பா வாங்கிட்டாங்க. அங்கேயிருந்து வந்ததுன்னு நினைச்சுக்கட்டும்னு சும்மா இருந்துட்டேன். தப்புதான் அத்தை."

ரொட்டியையும் எடுத்து நீட்டினான். கடித்துப் பார்த்தேன். தேநீர் இல்லாமல் தொண்டையில் இறங்காது. ஆனால் ருசி கேழ்வரகு அடைக்குப் பக்கத்து வீடு.

அங்கேதான் எனக்கு ஒன்று புரிந்தது. ஏமாற்ற வந்தவன் என் வாய்க்குப் பிடித்ததைச் செய்து என்னைக் குளிரவைத்திருப்பான். பாலில் மீனை வேகவைத்து ஒரு தமிழச்சியின் மூக்குக்கு நேரே நீட்டுவதற்கு, உண்மையிலேயே அந்த ஊரில் வாழ்ந்திருக்க வேண்டும். அதுவரைக்கும் சரி. ஸ்காட்லாந்தில் இருக்கிறான் என்பதற்கு மீன் சாட்சி. நல்லவன் என்பதற்கு எது சாட்சி? கதவைச் சாத்தினால் ஒரு ஆண்பிள்ளை என்ன செய்வான் என்று எந்தக் குழம்பு சொல்லும்?

இதையெல்லாம் நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் மகள் ஒரு கிண்ணத்தை எடுத்துக் குடித்து முடித்துவிட்டாள். "கவுங் டே, அமே" என்று வாயைத் துடைத்துக்கொண்டாள். நன்றாக இருக்கிறதாம்! அவள் குடித்தது கிண்ணத்தை மட்டுமல்ல என்று அவள் முகம் சொன்னது. அதற்குப் பிறகு நான் யார் தடுக்க? கல்யாணம் நடந்தது, போய்விட்டாள்.

அங்கே எப்போதும் குளிர். எப்போதும் முழுக்கைச் சட்டை. முதல் முறை போனில் முகம் தெரிந்தபோது எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்தச் சட்டைக் கைகள்தான். அடுத்தது கன்னத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. "ஐயையோ, சொன்னேனே, பூத்துப்போச்சே!" என்று அலறிவிட்டேன்.

"தனக்காம்மா! இங்கேயும் அரைச்சுப் பூசிக்கிறேன்" என்று பர்மியம் பாதி தமிழ் பாதியாகச் சொல்லிவிட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நம் பெண்கள் முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்துதான் அது. நான் நம்பட்டும் என்று கையை முழங்கை வரைக்கும் சுருட்டிக் காட்டினாள். சுத்தமான கை. நான் அனுப்பிய வளையல், வேறொன்றும் இல்லை.

நல்ல வழி கிடைத்துவிட்டது எனக்கு. அதன் பிறகு கரண்ட் இருக்கிற நேரம் பார்த்துக் கூப்பிடும்போதெல்லாம், நலம் விசாரிப்பதற்கு முன்னால் இதுதான்: "பால்ல மீனு தின்னியா? வெள்ளை பூத்திருக்கா பார்ப்போம், கையைக் காட்டு." காட்டுவாள். "இன்னும் மேலே" என்பேன். அதையும் காட்டுவாள். "அத்தைக்கு என்னவாம்?" என்று அவன் பின்னாலிருந்து கேட்பான். "வெள்ளை பார்க்கிறாங்க" என்பாள். அவனும் ஓடிவந்து தன் கையை நீட்டி, "எனக்கும் பாருங்க அத்தை" என்று கேலி செய்வான். உன் கையை எவன் கேட்டான் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். தோல் பூத்துவிடும் என்ற பயம் எனக்கு எப்போதோ போய்விட்டது. ஆனால் அதை வைத்துத்தானே பார்க்க முடிகிறது.

இந்த மழைக்காலத்தில் ஒரு நாள் அவளே கூப்பிட்டாள். அவன் ஹோட்டலுக்குப் போயிருந்தான். நான் வாய் திறப்பதற்கு முன்பே போனைச் சுவரில் சாய்த்துவைத்தாள். இரண்டு கைகளையும் தோள் வரைக்கும் சுருட்டிவிட்டு, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினாள். கூந்தலைத் தூக்கிக் கழுத்தைக் காட்டினாள். பிறகு திரும்பி உட்கார்ந்து, திருத்தமான தமிழில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"வெள்ளையும் இல்ல. அடியும் இல்ல. போதுமாம்மா?"

அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும்? முதல் நாளிலிருந்தே தெரிந்துதான் கையைச் சுருட்டினாளா? அவள் கண் கலங்கவில்லை, நான்தான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவள் அவசரப்படாமல் காத்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த தடவையும் காட்டு" என்றேன்.

"காட்டுறேம்மா" என்றாள்.