கேட்டவளும் நானே, கேட்டைப் பூட்டியவளும் நானே

அன்பான விசுவாசிகளே, கர்த்தர் எனக்குச் செய்ததை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். மலேசியாவில், கிள்ளானில் எங்கள் பழைய ஆலயத்தின் சாவி பல வருடமாக என்னிடம்தான் இருக்கிறது. போன வருடம் தமிழ் ஆராதனைக்கு ஒன்பது பேர் மிஞ்சினோம். ஒரு ஞாயிறு பாஸ்டர் அறிவித்தார்: இந்த மாதத்தோடு ஆராதனை நிற்கிறது, கட்டடத்தில் காப்பிக்கடை வரலாம். நான் தாலி கட்டிக்கொண்ட இடத்தில் காப்பி மெஷினா?

மூன்று வாரம் உபவாசம் இருந்து அழுதேன். ஆண்டவரே, ஆள் அனுப்பும் என்று மட்டும் கேட்டேன். சபையில் வளர்ந்த பிள்ளைகளுக்கெல்லாம் போன் போட்டேன். "பார்க்கலாம் லா ஆன்டி" என்றார்கள். ஒருவரும் வரவில்லை.

கடைசி ஆராதனைக்கு முந்தின நாள் கேட்டில் அட்டை மாட்டினேன்: "ஞாயிறு ஆராதனை. அசனம் உண்டு." சபை விருந்துக்குத் திருநெல்வேலிக்காரியான என் அம்மா சொல்லும் சொல் அது. சபைச் செயலாளர் அண்ணன் சிரித்தார். "அசனம்னா இங்க யாருக்கும்மா தெரியும்? லஞ்ச்னு போடு லா." நான் மாற்றவில்லை.

மறுநாள் கேட்டைத் திறக்கப் போனவள் திகைத்து நின்றுவிட்டேன். வெளியே நாற்பது இளைஞர்கள். எதிர் பஸ் ஸ்டாப்பில் வாராவாரம் உட்கார்ந்திருக்கும் தொழிற்சாலை ஆட்கள். எந்த நாட்டுக்காரர்களோ என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஒருவர் அட்டையைக் காட்டினார். "அக்கா, அசனம்னு போட்டிருக்கே, நம்ம ஊர்க்காரங்க இருக்காங்களா? நாங்க திருநெல்வேலி பக்கம்."

"இவ்வளவு நாள் ஏன் தம்பி உள்ள வரல?"

"பாட்டு ஆரம்பிச்சதும் கேட்டப் பூட்டிருவீங்களேக்கா. ரெண்டு வருஷமா அங்க இருந்தே கூடப் பாடிக்கிடுவோம்."

செருப்பு திருடுபோகும் என்று, இவர்களைப் பார்த்துப் பயந்துதான் அந்தப் பூட்டையே வாங்கினேன். ஆள் வேண்டும் என்று கேட்டவளும் நானே, கேட்டைப் பூட்டியவளும் நானே. நான் முழங்காலில் நிற்பதற்கு முன்பே பதில் பஸ் ஸ்டாப்பில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இருபது பேருக்கு வடித்த சோறு எப்படிப் பத்தும்? லஞ்ச் என்று போடச் சொன்ன அண்ணனே ரொட்டி வாங்கிவர ஓடினார். பாஸ்டர் ஆசீர்வாதம் கூறிவிட்டுத் தானே பரிமாற வந்தார். மூடும் தீர்மானத்தைக் கமிட்டி கைவிட்டது. இன்று எங்கள் ஆலயத்தில் பெஞ்சு பத்துவதில்லை. கர்த்தருக்கு நன்றி.

பிரியமானவர்களே, சோர்ந்துபோகாமல் ஜெபியுங்கள், அவர் கேட்கிறார். பதில் தாமதமானால், ஒரு தடவை எழுந்துபோய் வாசலைத் திறந்து பாருங்கள்.