டேஞ்சரஸ்லி என்றால் மூன்று நாள்

'லி' என்று முடிகிற இங்கிலீஷ் வார்த்தை எதைப் பார்த்தாலும் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். சின்சியர்லி என்று ஒருவன் எழுதினால் பொய் சொல்கிறான் என்று எடுத்துக்கொள்வேன். டீப்லி என்றால் பெரிய பொய். காரணம் வேறொன்றுமில்லை. அந்த வார்த்தைகளை வைத்து எங்கள் ஆபீசில் முதலில் பொய் சொன்னவனே நான்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் சைக்கிளில் காவிரிப் பாலம் தாண்டித் திருச்சியில் ஒரு ஆபீசுக்குப் போய் குமாஸ்தா வேலை பார்த்தேன். மேலே ஒரு வெள்ளைக்காரத் துரை. மார்கழியில் லீவு கேட்டால் அவருக்கு ஆகாது. வைகுண்ட ஏகாதசி, அதற்காக எங்கள் அகத்தில் வந்து இறங்கும் உறவுக் கூட்டம், பெருமாள் புறப்பாடு, இதெல்லாம் அவருக்கு எங்கே புரியப்போகிறது? அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று மனு எழுதிப் பார்த்தேன். முடியாது என்று திரும்பி வந்தது. விடுவேனா? மறுநாள் அதே மனுவில் சீரியஸ்லி என்று ஒரு வார்த்தை சேர்த்தேன். ஒரு நாள் கிடைத்தது. அடுத்த வருஷம் டேஞ்சரஸ்லி என்று போட்டேன். மூன்று நாள்! அபாய நிலையில் இருந்த என் அம்மா பரமபதவாசல் கூட்டத்தில் எனக்கு முன்னால் நின்று, இடித்தவர்களையெல்லாம் முழங்கையால் தள்ளி, என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

விஷயம் பரவி ஆபீசே என்னிடம் வந்தது. எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டு அதற்குத் தக்கபடி வார்த்தை போட்டுக் கொடுப்பேன். ஒரு நாளுக்கு சீரியஸ்லி, மூன்றுக்கு டேஞ்சரஸ்லி, ஒரு வாரமென்றால் ஹோப்லெஸ்லி. கடைசியில் ஹம்ப்லி, எர்னஸ்ட்லி என்று இரண்டைத் தூவிவிட்டால் துரையின் மனசு இளகிவிடும். தொட்டியத்துக்காரர் ஒருவர் எங்களோடு வேலை பார்த்தார். வாழை பயிரிடுகிற குடும்பம். திருச்சியிலேயே புத்தூரில் அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து ஊருக்குப் போவார். அதிகம் பேசமாட்டார். வாழைத்தார் வெட்டுக்கு ஆள் போதவில்லை என்று அவரும் ஒரு தடவை என் மேஜை முன்னால் வந்து நின்றார். அவருடைய அப்பாவை டேஞ்சரஸ்லி படுக்க வைத்து மூன்று நாள் வாங்கிக் கொடுத்தேன். திரும்பி வரும்போது இரண்டு சீப்புப் பூவன்பழம் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டோம்.

பிறகு எனக்குப் பிரமோஷன் ஆயிற்று. லீவு மனுக்கள் எல்லாம் முதலில் என்னிடம் வரும். நான் ஓரத்தில் குறிப்பு எழுதினால்தான் துரையிடம் போகும். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று என்றே சொல்லலாம். ஒவ்வொரு மனுவிலும் நான் எழுதிக் கொடுத்த வார்த்தைகளே வரிசையாக நின்றன. யாரை நம்புவது? போன வருஷம் செத்துப்போன அத்தை இந்த வருஷம் எப்படி மறுபடி படுத்தாள் என்று கேட்டு ஒருவரை மடக்கினேன். மாமனாருக்கு வாதம் என்று எழுதியவரின் மாமனாரைச் சந்தையில் பார்த்ததாகச் சும்மா ஒரு போடு போட்டேன், ஆள் உண்மையைக் கக்கிவிட்டார். சிவப்புப் பென்சிலால் 'சந்தேகம்' என்று குறிப்பேன். துரை என்னை மெச்சிக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் மனைவி தலைவலி என்றால்கூட, வலிக்கிறதா, இல்லை சமையலுக்குச் சோம்பலா என்று முகத்தை உற்றுப் பார்ப்பேன். அவள் பேசுவதையே குறைத்துக்கொண்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை தொட்டியத்துக்காரரின் மனு வந்தது. மனைவிக்குப் பிரசவமாகி இருபது நாள், கடும் காய்ச்சல், ஒரு வாரம் லீவு வேண்டும். டேஞ்சரஸ்லி, ஹோப்லெஸ்லி, எர்னஸ்ட்லி, டெஸ்பரேட்லி. ஒரே மனுவில் நாலு! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தார் வெட்டு சமயம் வேறு. கூப்பிட்டு, என்ன காய்ச்சல், எந்த வைத்தியர், யார் வந்து சொன்னது என்று துருவினேன். தடுமாறினார். அழவில்லை. அழுதிருந்தால் அதையும் நடிப்பு என்றுதான் நினைத்திருப்பேன். "நெசந்தான் சார்" என்று மட்டும் சொன்னார். நான் சிவப்புப் பென்சிலை எடுத்தேன். லீவு இல்லை என்று ஆகிவிட்டது. வேலையை விட்டால் வீட்டில் சாப்பாடு கிடையாது, அதனால் சனிக்கிழமை வரைக்கும் வந்து வேலை பார்த்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் போனார்.

திங்கட்கிழமை வரவில்லை. புதன்கிழமை ஒரு தபால் கார்டு வந்தது. மனைவி இறந்துவிட்டாள், பதினாறாம் நாள் காரியம் முடிந்து வருகிறேன் என்று இங்கிலீஷில் இரண்டே வரி. 'லி' என்று ஒரு வார்த்தைகூட இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? பதினாறு நாளில் தார் வெட்டும் முடிந்துவிடுமே என்று தோன்றியது. சீ, என்ன ஜென்மம் நான்! இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவர் மொட்டைத் தலையோடு திரும்பி வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே என் மேஜைக்கு வந்து ஒரு காகிதத்தை வைத்தார். வைவார், நாலு பேருக்கு முன்னால் சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"குழந்தைக்கும் காய்ச்சல் சார். மறுபடி லீவு வேணும். மனுவிலே நடுவிலே கொஞ்சம் எடம் விட்டிருக்கேன். எந்த வார்த்தை போட்டா நம்புவீங்கன்னு சொல்லுங்க, போட்டுடறேன்."

குத்திக் காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். பழக்கம் எங்கே போகும்? இல்லை, நிஜமாகவே கேட்டார். பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு நின்றார். மனுவில் குழந்தை என்ற வார்த்தைக்கும் நோய் என்ற வார்த்தைக்கும் நடுவில் ஒரு விரற்கடை வெள்ளையாகக் கிடந்தது. எனக்குத் தெரிந்த வார்த்தைகளையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். ஒன்றுகூடத் தேறவில்லை.

காகிதத்தை அப்படியே எடுத்துக்கொண்டு துரையின் அறைக்குள் போனேன். அவர் வெற்றிடத்தைப் பார்த்தார், ஓரத்தில் குறிப்பு இல்லாததையும் பார்த்தார். இது நிஜம் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். அதே கேள்வியைத்தானே நான் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன்! இத்தனை வருஷம் வந்த பொய்யெல்லாம் நான் எழுதியது, என் அம்மாவின் வியாதியில் ஆரம்பித்து, இது ஒன்றில்தான் என் வார்த்தை இல்லை என்று சொன்னேன். துரை மனுவில் கையெழுத்துப் போட்டார். லீவு மனுக்களை மறுநாளே வேறொருவர் மேஜைக்கு மாற்றிவிட்டார். என் வேலை போகாமல் இருந்ததே அதிசயம்.

தொட்டியத்துக்காரர் அடுத்த பஸ்ஸில் போனார். பத்து நாள் கழித்து வந்தபோது நான்தான் வாசலிலேயே போய் நின்றுகொண்டு, குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"இருக்கு சார்" என்றார்.

நம்பினேன். அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, எனக்குத் தைரியம் வரவில்லை.