பிரேக் கத்தும் சத்தம்

வானம் கறுத்தால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. நல்லம்பள்ளிப் பக்கம் எங்கள் வீட்டு வாசலில் தொடங்கும் இறக்கம் நேராக லாரிகள் போகும் தார் ரோட்டில் போய்த்தான் முடிகிறது. ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகள் தினமும் காலையில் அந்த இறக்கத்தில்தான் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிளை விடுகிறாள். மிதிக்கவே வேண்டாம், அதுவே ஓடும். நிற்பதுதான் பாடு.

ஆயுத பூஜை முடிந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. ஒரு சாயங்காலம் அவள் செருப்பைக் கழுவ எடுத்தேன். இடது செருப்பின் முன்பக்கம் மட்டும் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. புதுச் செருப்பு. கேட்டதற்கு ஏதோ கல் என்று மழுப்பினாள். நான் முறைத்த பிறகுதான் உண்மை வந்தது.

“மழையில பிரேக் புடிக்கறதில்லம்மா. கால ஊனித்தான் நிறுத்தறேன். சொன்னா நீ சைக்கிளே வேணான்னுருவ.”

சொல்லியிருப்பேன்தான். ஆனால் டவுன் பஸ்ஸை நம்பினால் காலை ஸ்பெஷல் கிளாஸ் பாதி போய்விடும். அவள் படிப்பையும் விட முடியாது, அவளை அந்த ரோட்டுக்கு அனுப்பவும் முடியாது.

மறுநாளே சைக்கிள் கடையில் புது பிரேக் ரப்பர் மாட்டி, கம்பியையும் இழுத்துக் கட்டிக்கொண்டு வந்தேன். வெயிலில் நன்றாகப் பிடித்தது. அடுத்த மழைக்குப் பழைய கதைதான். கடைக்காரர் மட்டமான ரப்பரைத் தலையில் கட்டிவிட்டார் என்று சண்டைக்குக் கிளம்பினேன். போகுமுன் சேறு போகட்டும் என்று ரிம்மைத் துணியால் துடைத்தால், துணியில் தேங்காய் எண்ணெய் வாசனை.

உள்ளே போய் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் முகமெல்லாம் பெருமை.

“நாந்தான். துரு ஏறக் கூடாதுன்னு பூஜைக்கு மொத்தமா எண்ண போட்டுத் தொடச்சேன். அப்புறம் மழையில நனஞ்சு வந்தப்பல்லாம் தொடச்சி வெக்கறேன். பளபளன்னு இல்ல?”

பிரேக் பிடிக்க வேண்டிய இடத்திலேயே எண்ணெய். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்தேன். அவர் சோப்புத் தூளும் தேங்காய் நாருமாக உட்கார்ந்து இரண்டு ரிம்மையும் தேய்த்தார். எண்ணெய் குடித்த ரப்பரை உப்புத்தாளால் சுரண்டினார். முகம் செத்துப்போயிருந்தது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

தேய்த்தாயிற்று, மழையில் பிடிக்குமா என்று யார் சொல்வது? சக்கரத்தில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றச் சொல்லி, நைட்டியோடு, தோளில் துண்டோடு நானே ஏறி உட்கார்ந்தேன். பள்ளிக்கூடப் படிப்பை நிறுத்திய பிறகு நான் சைக்கிளைத் தொட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரம்மா வேடிக்கை பார்க்க வெளியே வந்துவிட்டார். பாதி இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். முதலில் வழுக்கியது. உயிரே போய்விட்டது. பிறகு ஊரே கேட்கும்படி கிறீச்சென்று கத்திக்கொண்டு நின்றது. எதிரே தக்காளி லாரி ஒன்று தார் ரோட்டில் போனது.

தண்ணீரை வழித்தெறிய ரப்பருக்குக் கொஞ்ச நேரம் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். மேலேயிருந்தே இரண்டு கையிலும் லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்கச் சொன்னேன். மகள் தலையாட்டினாள். கத்தும் சத்தம்தான் அவளுக்கு மானக்கேடாம். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போய்விடும் என்று தொடங்கிய அவள் அப்பா, என்னைப் பார்த்துவிட்டுப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

இப்போது தினமும் அடுப்படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். கீழே பிரேக் கத்தினால்தான் டீயை வாயில் வைப்பேன். மழை நாளில் அந்தக் கொடுப்பினையும் இல்லை. தகரக் கூரையில் விழும் மழை வேறெதையும் கேட்க விடாது.

போன வாரம் அப்படியொரு மழை. அவள் கிளம்பியதும் இருப்புக் கொள்ளவில்லை. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே இறங்கி ஓடினேன். கீழே பிரேக் கத்தியது, சைக்கிள் நின்றது, ரோட்டைப் பார்த்துவிட்டு அவள் பள்ளிக்கூடப் பக்கம் திரும்பிப் போனாள். ரோட்டோரப் புளியமரத்தடியில், குடைகூட இல்லாமல், அவள் போவதையே பார்த்துக்கொண்டு என் வீட்டுக்காரர் நனைந்துகொண்டு நின்றார்.