மீனுக்கு வயிறு சரியில்லை

கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு காலில் மட்டும் ஷூ மாட்டியிருந்தபோதுதான் பார்த்தேன். மீன் சாய்ந்து கிடந்தது. தொட்டியின் அடியில், கூழாங்கல் மேல், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்டுவிட்டு நான் படுக்கும் அதே கோணத்தில். வயிறும் அதே மாதிரி உப்பியிருந்தது.

"செத்துப்போச்சு!" என்று கத்தினேன்.

மீன் ஒரு கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தது.

"சாகல!" என்று திருத்திக் கத்தினேன்.

இரண்டு செய்திக்கும் வீட்டில் ஒரே வரவேற்புதான். மதிய ஷிப்டு முடித்துவிட்டு நடுராத்திரிக்குச் சற்று முன் வந்து படுத்திருந்த மனைவி, தலையணையை எடுத்துக் காதின் மேல் வைத்துக்கொண்டாள். எங்களோடு தங்கியிருக்கும் அவள் தம்பி, ஜூஜுவாடி குடோனில் இரவு வேலை முடிந்து இன்னும் வந்து சேரவில்லை. மூன்று பேரும் மூன்று ஷிப்டு. ஒரே பால் மூன்று முறை காய்ச்சப்படும் வீடு எங்களுடையது. நாங்கள் பேசிக்கொள்வதெல்லாம் பெரும்பாலும் செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில்தான், ஒருவர் கழற்ற, ஒருவர் மாட்ட.

அந்த மீன் என் மகளுடையது. கையகல நீலத் துணியைத் தண்ணீரில் விட்டது போல இருக்கும். கடைக்காரர்கள் ஃபைட்டர் என்பார்கள். கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போகும்போது, காலையில் இரண்டு உருண்டை, சாயங்காலம் இரண்டு உருண்டை, ராத்திரி லைட்டை அணைக்க வேண்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும் முகத்தோடு நான் கேட்டுக்கொண்டேன்.

ஹாஸ்டலிலிருந்து தினமும் சாயங்காலம் வீடியோ கால் வரும். "அப்பா, அவனக் காட்டுங்க" என்பாள். காட்டுவேன். அவனோடு கொஞ்சி முடித்தபின், டோல்கேட்டில் காத்திருந்து முறை வந்த லாரி போல நான் மெல்ல நகர்ந்து திரைக்குள் வருவேன். "சாப்டியா கண்ணு?" "ம்." "மெஸ்ல என்ன?" "சப்பாத்திப்பா." அந்தச் சப்பாத்திக்காகத்தான் நான் நாள் முழுக்கக் காத்திருப்பது. மீன் போய்விட்டால் இந்தப் பெண் வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் ரீசார்ஜ் பண்ணச் சொல்லிக் கூப்பிடுவாள். என்னைப் பார்க்க மட்டும் ஒருத்தி தினமும் போன் பண்ணுவாள் என்று நம்புமளவுக்கு எனக்குக் கண்பார்வை கெட்டுவிடவில்லை. கண்ணாடி தினமும் பார்க்கிறேன்.

அதனால் லீவு போட்டேன். "வீட்ல ஒருத்தருக்கு வயிறு சரியில்ல சார்" என்று மேனேஜரிடம் சொன்னேன். பொய் இல்லை.

பிறகு தொழில்முறையாக இறங்கினேன். நான் குவாலிட்டி செக்‌ஷன். பழுதான பாகம் கிடைத்தால் முதலில் மஞ்சள் நிற ஹோல்டு அட்டையை மாட்ட வேண்டும், அட்டை தொங்குவதை எவனும் தொடக் கூடாது. பிறகு 'ஏன்' என்று ஐந்து தடவை கேட்டுக்கொண்டே போக வேண்டும். ஐந்தாவது ஏனில் மூல காரணம் வந்து நிற்கும் என்பது நம்பிக்கை. பையில் கிடந்த ஒரு அட்டையைத் தொட்டியில் மாட்டினேன். கேட்டேன். ஏன் படுத்திருக்கிறது? வயிறு வீங்கியிருக்கிறது. ஏன் வீங்கியிருக்கிறது? சாப்பிட்டது செரிக்கவில்லை. ஏன் செரிக்கவில்லை? வியாதி.

அங்கேயே நிறுத்திவிட்டேன். கம்பெனியில் எங்கள் பழக்கம் அப்படி. நான்காவது ஏனுக்குப் போனால் யாராவது ஒரு பெரிய மனிதர் தலை உருளும். அதனால் மூன்றோடு கையெழுத்துப் போட்டு டீக்குப் போய்விடுவோம்.

வியாதி என்று முடிவான பிறகு இன்டர்நெட்டைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது. நீர்க்கோவை என்று ஒன்று இருக்கிறதாம், செதில்கள் அன்னாசிப் பழம் போல விரிந்துகொள்ளுமாம், அப்புறம் அவ்வளவுதானாம். பல்சக்கரம் பார்க்கிற லென்ஸையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு தொட்டிமேல் கவிழ்ந்தேன். லென்ஸில் பார்த்தால் உலகத்தில் எந்தச் செதிலும் விரிந்துதான் தெரியும். என் கைவிரல் ரோமமே அன்னாசி போலத்தான் தெரிந்தது. மீனை ஊறுகாய் பாட்டிலில் எடுத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். போகும் வழியில்தான் இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு என்பது தெரிந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் எனக்கு முன்னால் ஒரு சிந்து மாடு, இரண்டு ஆடு. மாட்டுக்காரர் சூளகிரி பக்கம். என் கையைப் பார்த்தார்.

"என்னாங்க சார், டாக்டரம்மாவுக்கு ஊறுகாயா?"

"மீனுங்க."

"ஊறுகாய் போட்ட மீனா?"

"உசுரோட இருக்குதுங்க. வயிறு உப்பிக்கிச்சு."

அவர் பாட்டிலைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். "அட பாவமே" என்று மாட்டை ஓரமாக இழுத்துக் கட்டினார். "நீங்க முன்னால போங்க. எங்குளுது தாங்கும்." மாடு மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தது.

டாக்டரம்மா பாட்டிலை மேஜைமேல் வைத்தார்.

"சார், மீன எனக்குக் கொழம்பு வெக்கத்தான் தெரியும்."

"மேடம், எம் பொண்ணோட மீனு மேடம்."

என் குரல் உடைந்ததைக் கேட்டு அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து பார்த்தார். "செதில் படிஞ்சுதான் இருக்கு, விரியல. சாணி போடுதா?"

"மேடம், இது மீனு..."

"அதான் சார். கழியுதா, இல்லியா?"

நேற்றும் முந்தாநாளும் கீழே எதையும் பார்த்த ஞாபகம் இல்லை. இல்லை என்றேன்.

"எத்தினி வேள தீனி?"

"ரெண்டு வேள மேடம். நாந்தான் போடறேன். விடியக்காலம் கெளம்பறப்போ, அப்புறம் வந்து சாயங்காலம்."

"நீங்க மட்டுமா?"

அதுதான் நான்காவது ஏன். நான் கேட்காமல் விட்டது. "என்னைத் தவிர அந்த வீட்ல அதை யாரு மேடம் பாக்கறா?" என்று பெருமூச்சோடு சொல்லிவிட்டு, சாட்சிக்காக மனைவிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஏம்மா, மீனுக்கு யாரு தீனி போடறது?"

தூக்கக் கலக்கத்தில் அவள் குரல் வந்தது. "நாந்தான் போடறேன். வேற யாரு போடுவா? நீங்க போட்டுட்டுத்தான் மறுவேல பாப்பீங்களா? நான் வேல முடிஞ்சு வந்ததும், பாவம் கண்ணாடிக்கிட்ட வந்து வால ஆட்டிக்கினு நிக்கும். அப்பப் போடுவேன். அப்புறம் மத்தியானம் கெளம்பறப்போ."

பின்னாலிருந்து இன்னொரு குரல் குறுக்கிட்டது. மைத்துனன் வந்து சேர்ந்துவிட்டான். "அக்கா, நீயும் போடறியா? மாமா, நான் டெய்லி வந்ததும் ஒருவாட்டி போடறேன். போறப்ப ஒருவாட்டி. உங்க ரெண்டு பேருக்கும் எங்க ஞாபகம் இருக்கப்போவுதுன்னு..."

"நீ எத்தினி உருண்டை போடுவே?" என்று கேட்டேன்.

"உருண்டையா? மூடி நெறைய மாமா."

வாசலில் மாட்டுக்காரர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றார். தோள் மட்டும் குலுங்கியது. "மூணு ஷிப்டும் ஓட்டியிருக்குதுங்க பாவம்," என்றார் ஆட்டுக்காரரிடம். "ஓவர்டைம் வேற."

லைட்டும் அப்படித்தான். யாராவது ஒருவர் விழித்திருக்கும் வீட்டில் அது அணைந்ததே இல்லை. வால் ஆட்டிக்கொண்டு நின்றது பசியில்லை, தூங்க விடுங்கடா என்று கும்பிட்டிருக்கிறது.

"மலச்சிக்கல் சார்," என்று டாக்டரம்மா முடித்தார். "பட்டினி போடுங்க. மெடிக்கல்ல எப்சம் உப்பு வாங்கி, தனிப் பாத்திரத்துல ஒரு சிட்டிகை கலந்து கொஞ்ச நேரம் விட்டு எடுங்க. தொட்டில தண்ணி கம்மியா வைங்க, அது மேல வந்து மூச்சு எடுக்கணும். நம்மூரு குளிருக்குச் செரிமானம் மந்தமாத்தான் இருக்கும், கொஞ்சம் வெதுவெதுன்னு இருக்கணும்." ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டேன். "நல்லா ஆனா ஒரு போன் பண்ணுங்க. இந்த வேலைல சிரிக்கறதுக்கு ஒண்ணுமில்ல."

வீட்டில் பட்டினி தொடங்கியது, மீனுக்கு. எனக்குச் சந்தேகம் தொடங்கியது. தீனி டப்பாவை அரிசி டின்னில் புதைத்தேன். மனைவி மீனைப் பார்த்து, "பெத்த அப்பனே பட்டினி போடறானே" என்று எனக்குக் கேட்கும்படி இரங்கினாள். குளிருக்கு என் ஸ்வெட்டரைத் தொட்டிக்குப் போட்டுவிட்டேன். மேலே குரங்குக் குல்லாவையும் வைத்தேன். ராத்திரி வேலைக்குக் கிளம்பிய மைத்துனன், இருட்டில் குல்லாவையும் ஸ்வெட்டரையும் பார்த்து, "என்ன மாமா, இன்னும் தூங்கலியா?" என்று தொட்டியிடம் கேட்டிருக்கிறான்.

மகளை என்ன செய்வது என்பதுதான் கஷ்டம். முதல் சாயங்காலம் கரண்ட் இல்லை என்றேன். தலைக்கு மேல் ட்யூப்லைட் எரிந்தது. அடுத்த நாள், "இப்பத்தான் தூங்கறான் கண்ணு" என்றேன். "மீன் கண்ண மூடாதுப்பா" என்றாள். "அதான், கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்கறான், நம்ம மாமா டூட்டில தூங்கற மாதிரி." அவள் சிரிக்கவில்லை. சப்பாத்தியைப் பற்றிக்கூடப் பேசாமல் வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மூவருக்கும் வாராந்திர விடுமுறை. வயிறு அப்படியேதான் இருந்தது. மூன்று பேரும் தொட்டியைச் சுற்றி ஐ.சி.யூ. வாசல்போல உட்கார்ந்திருந்தோம். போன் அடித்தது.

"அப்பா, இப்பவே காட்டுங்க. செத்துப்போச்சுன்னா செத்துப்போச்சுன்னு சொல்லுங்க."

அழுகை கலந்த குரல். அதற்குமேல் குல்லா போட்டு மறைக்க என்னால் முடியவில்லை. ஸ்வெட்டரை உருவினேன். அவசரத்தில் போனைக் கண்ணாடியோடு ஒட்ட வைத்துவிட்டேன், திரை மீனின் பக்கம்.

திரையின் மூலையில் குட்டிக் கட்டத்தில் அவனே தெரிந்திருக்க வேண்டும். தன் தொட்டியில் இன்னொரு நீலப்பயல்! சாய்ந்து கிடந்தவன் நிமிர்ந்தான். செவுளைத் தாடி மாதிரி விரித்தான். துடுப்பெல்லாம் விறைத்தது. போன் மீது பாய்ந்தான், பின்வாங்கினான், உடம்பை வளைத்து முறுக்கினான், மறுபடி பாய்ந்தான். அந்த முறுக்கலில்தான், கடுகு நூலில் கோத்தது போல ஒன்று மெதுவாக, மிக மெதுவாக, இறங்க ஆரம்பித்தது.

"அப்பா," என்றாள் மகள். "அவன் ஆய் போறான்."

நாங்கள் மூவரும் எழுந்து நின்று கை தட்டினோம். மனைவி "இன்னும்... இன்னும்..." என்று பிரசவம் பார்ப்பவள்போல ஊக்கினாள். மைத்துனன் விசில் அடித்தான். கீழ் வீட்டுக் கன்னடக்கார அம்மா ஜன்னலிலிருந்து, "ஏனாயித்து சார்? மேட்ச் கெத்துட்டீங்களா?" என்று கேட்டார். ஜெயித்தோமா என்கிறார். கெத்துட்டோம் அம்மா என்றேன்.

"எல்லாரும் ஏன் கை தட்டறீங்க?" என்றாள் மகள். "எத்தன நாளாப் போகல? யாரு அதிகமா போட்டது?"

போனை எங்கள் பக்கம் திருப்பினேன். மூன்று விரல்கள் மூன்று திசையில் நீண்டன. அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். பிறகு, அந்த ஹாஸ்டல் கட்டிலிலேயே உருண்டு சிரிக்கும் சத்தம் கேட்டது. போன் கீழே விழுந்து, கொஞ்ச நேரம் எங்களுக்கு ஹாஸ்டல் ஃபேன் மட்டும் தெரிந்தது.

பட்டினி முடிந்ததும் ஒரு புதுச் சிக்கல். ஹோல்டு அட்டை இன்னும் தொங்கியதாலும், மற்ற இருவரில் ஒருவர் போட்டிருப்பார் என்று மூவரும் பயந்ததாலும் ஒருநாள் முழுக்க யாருமே தீனி போடவில்லை. சாயங்காலக் காலில் மீனின் முகத்தைப் பார்த்தே அவள் கண்டுபிடித்துவிட்டாள். அன்றே உத்தரவு போட்டாள். இனிமேல் தீனி அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும். காலையில் ஒரு கால், சாயங்காலம் ஒரு கால். போடுகிற கை என்னுடையது.

இப்போது போன் அடித்தால் எனக்கு முன்னால் மீன் மேலே வந்து நிற்கிறது. திரையைப் பார்த்து இரண்டு உருண்டை போடுகிறேன். "போதும்ப்பா" என்கிறாள். பிறகு கேட்காமலே மெஸ்ஸில் என்ன என்று சொல்கிறாள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை.

டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணினேன். மீன் நன்றாக இருக்கிறது என்றேன். "நீங்க?" என்றார். நானும்தான்.